பனிக்கண்டத்திலிருந்து ஒரு சேதி

ஜன. 7, புதன்

மூடுபனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியல், இன்றும் பஸ் கிடையாது. ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான், மரம் என்ன பாவம் செய்தது? மற்ற டீச்சர்கள் வரவில்லை. மூன்று வகுப்பையும் நானே மேய்த்தேன். தொண்டை கட்டிவிட்டது.

வாங்க: மண்ணெண்ணெய், சுக்கு, வெல்லம். வெள்ளிமலை ஜீப் ஓடாததால் சாமை வரவில்லை. பொங்கலுக்கு அரிசிதான்.

மாலை ரேடியோவில்: தென்துருவப் பனிக்கண்டத்தில் சின்ன விமானம் ஒன்று கிளம்பும்போதே விழுந்து நொறுங்கிவிட்டது. நம் நாட்டுக் குழுவில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். பெயர் சொல்லவில்லை.

இவரும் அந்தக் குழுவில்தான் போயிருக்கிறார். ஆனால் ஜெனரேட்டர் மெக்கானிக். அதை விட்டு இவர் நகர்ந்தால் மொத்தப் பேரும் விறைத்துப்போவார்கள். இவரை யார் விமானத்தில் ஏற்றப்போகிறார்கள்? இவர் இல்லை. மாமியாரிடமும் அதையே சொன்னேன். ரசம் வைத்தேன். நன்றாக வந்திருந்தது.

ஜன. 8, வியா.

சங்கராபுரம் முழுக்கப் பரவிவிட்டது. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள். பக்கத்து வீட்டம்மா என் தலையைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், பூ வெச்சிக்கினு இருக்கீங்க?" என்றார். "தல இருக்குது, வெச்சிக்கினு இருக்கேன்" என்றேன். ஆத்திரத்தில் இன்னும் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மதியம் தபால்காரர் வெறுங்கையோடு வந்தார். "ஒங்களுக்குத் தந்தி வந்துருக்குதுங்க டீச்சர். நான் எடுத்தாரல. ஆம்பள ஆளு யாரையாவது அனுப்பி வாங்கிக்கங்க." தந்தி என்றாலே இங்கே சாவுதான். அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே மாமியார் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போஸ்ட் ஆபீசில் நின்றபடியே பிரித்தேன். பிரிக்குமுன் சாமியைக் கும்பிட்டேன், பொய் எழுதக் கூடாது. டெல்லி ஆபீஸ் மூலமாக இவரே அனுப்பியது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதிவைக்கிறேன்: "நான் நலம். விமான விபத்தில் கோவிந்தன் இறந்துவிட்டான். அஞ்சலைக்கு ஆபீஸ் காகிதம் போகுமுன் நீ நேரில் போய்ச் சொல்."

முதல் வரியைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். நான் சொன்னேனா இல்லையா! மீதி வரிகள் அப்புறம்தான் மண்டையில் ஏறின. சிரித்தது இப்போது வெட்கமாக இருக்கிறது.

கோவிந்தன் அங்கே சமையல்காரர். ரிஷிவந்தியத்துக்காரர். இவரோடு ஒரே பட்டாளம். இருவரையும் வழியனுப்ப நானும் அவர் மனைவி அஞ்சலையும் மெட்ராஸ் சென்ட்ரல் வரை போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சமையல்காரர் ஏன் விமானத்தில் ஏறினார்? எங்கே போகக் கிளம்பினார்? தந்தியில் இல்லை.

மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "சாவு சேதிய காயிதத்துல சொல்லக் கூடாது. ஆளு போயிதான் சொல்லணும். எம் புள்ளைக்கி அது தெரிஞ்சிருக்குது. விடிஞ்சதும் நீ கெளம்பு."

பஸ் விடும்வரை பொறுக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் காகிதம் போய்விட்டால்? தலைமையாசிரியருக்கு லீவு லெட்டர் எழுதிவிட்டேன்.

ஜன. 9, வெள்ளி

சைக்கிள். வழியெல்லாம் மரம், சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போனது. ஓரிடத்தில் மறியல்காரர்கள் மறித்தார்கள். "துக்கம் சொல்லப் போறேன்" என்றதும் ஒருவர், "சாவுக்குன்னா வுடுங்கப்பா" என்று சைக்கிளை வாங்கி அந்தப் பக்கம் இறக்கி வைத்தார்.

என்ன சொல்வது என்று வழிநெடுகப் பேசிப் பார்த்தேன். மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கிறவளுக்கு இது முடியாதா? முடியும். முதலில் தண்ணீர் கேட்க வேண்டும். பிறகு அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

அஞ்சலை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் ரேடியோ கிடையாது. சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். சைக்கிளைப் பார்த்தாள், சேறு அப்பிய என் புடவையைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடு, அஞ்சலை."

அவள் நகரவில்லை. "அண்ணன் நல்லா இருக்காருங்களா?"

"நல்லா இருக்கார்."

"நல்ல சேதி மட்டும்னா, பஸ்ஸு வுட்டப்புறம் வந்திருப்பீங்கக்கா" என்றாள்.