எதிர்காலத்திலிருந்து வந்தவன் திருடன்தான்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நீ போய்விட்டாய் என்பதற்காக ஒரு வரியைக்கூட இனிப்பாக்க மாட்டேன். படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் கோபமும் இன்னும் போகவில்லை.

என் விரல்களில் ஸ்கெட்ச் பேனா வாடை. வகுப்பில் இன்று உனக்காக ஒரு சார்ட் ஒட்டினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று டீச்சர் என்னைத்தான் எழுதச் சொன்னார். நடுவில் உன் பஸ் பாஸ் புகைப்படம், சுற்றிலும் ஆளுக்கொரு வரி. "அமைதியானவள்." நீயா? "எல்லோரிடமும் அன்பாகப் பழகியவள்." கோகிலாவின் டிபன் மூடியை ஜன்னல் வழியாக எறிந்தது யார்? கடைசி வரியை டீச்சரே சொன்னார்: "பொய் சொல்லத் தெரியாதவள்." அதைப் பச்சை நிறத்தில் எழுதும்போது ரஹ்மத் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. எழுதி முடித்து அடிக்கோடும் போட்டேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. சரியானது எங்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் நான்கு பேரைத் தவிர டிவியில் வந்த அந்த ஆங்கிலத் தொடரைப் பற்றி வகுப்பில் யாருக்கும் அக்கறையில்லை. நால்வரில் அதைப் பார்க்கிறவள் நீ ஒருத்திதான். சூலூரிலிருந்து பஸ்ஸில் வரும் கோகிலா வீட்டில் கோழிகளுக்கு விடிய விடிய பல்பு எரியும், டிவிக்குக் கேபிள் கிடையாது. ரஹ்மத்தின் அத்தா, பரீட்சை முடியட்டும் என்று கேபிள்காரரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் மொட்டைமாடி ஆண்டெனாவோடு சரி. ஞாயிறு பகலில் நீ பார்ப்பாய். திங்கட்கிழமை மதியம், தையல் வகுப்பறையில், மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து எங்களுக்குச் சொல்வாய். ஒருநாளும் பார்க்காத ஒரு தொடருக்கு நாங்கள் மூன்று பேர் ரசிகைகளாக இருந்தோம். அடுத்த வாரம் வரை அதைப் பற்றியே சண்டை போட்டோம்.

நிலவில் தனியாக ஓர் ஆய்வு நிலையம். அதன் தலைவி உன் கதையில் கட்டைமுடிக்காரி. மருத்துவர், சோடாபுட்டி. "அவங்களுக்கெல்லாம் பேரே இல்லையாடி?" என்று ரஹ்மத் ஒருமுறை கேட்டாள். "இங்கிலீசுப் பேரு உன்ற வாயில நுழையாது. சும்மா கேளு புள்ள" என்றாய். நாங்கள் சிரித்தோம். நான்கூட. அதை உன் பாணி என்று நினைத்தேன்.

நம் சண்டைக்கு முந்தின ஞாயிறு அவிநாசியில் மாமா வீட்டுக் காதுகுத்து. வெளியே பந்தலில் பந்தி நடந்தது. கூடத்தில் கேபிள் கனெக்‌ஷனோடு ஒரு கலர் டிவி கேட்பாரற்றுக் கிடந்தது. நேரம் பார்த்துப் போட்டேன். முதன்முதலாகக் கட்டைமுடிக்காரியை என் கண்ணால் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே இருந்தாள். காது குத்திய குழந்தை வாசலில் வீறிட்டு அழுததால் ஸ்பீக்கர் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு கேட்டேன். ஆங்கிலம் ஓட்டமாக ஓடியது, பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும்.

மறுநாள் தையல் அறையில் நான் வாயைத் திறக்கவில்லை. நீ எப்படிச் சொல்கிறாய் என்று பார்க்க ஆசை. உன்னை மாட்டிவிடும் எண்ணம் அப்போது இல்லை. இதையும் உண்மையாகவே எழுதுகிறேன்.

"ஒருத்தன் வந்து கதவைத் தட்டறான்" என்று ஆரம்பித்தாய். "நிலாவுல! வண்டியுமில்ல, தொணைக்கு ஆளுமில்ல. சுவத்துல கட்டைமுடிக்காரி படம் புதுசா மாட்டியிருக்குது பாரு, அதே படத்தைப் பையிலிருந்து எடுக்கறான். பழுப்பேறி, ஓரமெல்லாம் கிழிஞ்சு. அப்ப அவன் எங்கிருந்து வந்தவன்?"

"பின்னாலிருந்து" என்றாள் கோகிலா, மூச்சை அடக்கிக்கொண்டு. "நம்ம காலத்துக்குப் பின்னால வர்ற காலத்துலேர்ந்து."

"எனக்கு நம்பிக்கையில்ல" என்றாள் ரஹ்மத். "டீத்தண்ணில முக்கி எடுத்தா எந்தப் படமும் பழசாயிரும். எங்கண்ணன் நாடகத்துக்கு அப்படித்தான் பண்ணான்."

"சோடாபுட்டிக்கும் உன்னாட்டவே சந்தேகம். அவன் போற பக்கமெல்லாம் பின்னாலயே போறாரு. அவன் என்னடான்னா சுவரு, நாற்காலின்னு ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கறான். இனி இதெல்லாம் இருக்காதுன்னு தெரிஞ்சவன் தொடற மாதிரி."

அந்த வரியைக் கேட்டதும் என் கை மிஷின் சக்கரத்தில் நின்றுவிட்டது. அவன் தொட்டதை நானும் பார்த்திருந்தேன். எதை எடுக்கலாம் என்று நோட்டம் விடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஊருக்குத் திரும்ப அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு விண்கலம். கடைசியில் அவன் அதில் தனியாக ஏறிக் கிளம்புகிறான். ஜன்னலில் அவன் முகம் சிரிக்கிறது. கொஞ்ச தூரம் மேலே போனதும் கலம் வெடித்துச் சிதறுகிறது.

"அது வெடிக்கப்போகுதுன்னு அவனுக்குத் தெரியும்" என்றாய். "சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க. அதான் அவனே ஏறிப் போயிட்டான். அவங்க ஏறியிருந்தா அத்தனை பேரும் செத்திருப்பாங்கல்ல?"

கோகிலா தாவணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவன் திருடன்" என்றேன்.

"ஆரு?"

"அந்த ஆளுதான். எதிர்காலமும் இல்ல, ஒண்ணுமில்ல. வண்டியத் திருட வந்தவன். அது ரிப்பேர்ல நிக்குதுன்னே அவனுக்குத் தெரியாது. நெசமா எதிர்காலத்துலேர்ந்து வந்திருந்தா வெடிக்கும்னு தெரிஞ்சிருக்கும், ஏறியிருக்க மாட்டான். படம்கூட அடுப்புல வாட்டுனதுதான். டாக்டரே சொல்றாரு."

உன் முகம் மாறியது. "நீ எங்க பாத்தே?"

"அவிநாசில. மாமா ஊட்டுல."

"உன்னை ஆருடி கேட்டா?" என்று கோகிலா என்மேல் பாய்ந்தாள். "எனக்கு இவ சொல்ற கதைதான் வேணும்."

"கதை இல்ல கோகிலா, நடந்ததே வேற. மேல போனதும் ரேடியோவுல, 'முட்டாள்களா, நம்பிட்டீங்களே'ன்னு சொல்றான். அதுக்குத்தான் சிரிக்கறான்."

"அழாம இருக்கறதுக்குச் சிரிச்சான்" என்றாய் நீ.

"அப்ப ரேடியோவுல அவன் என்ன பேசுனான்? சொல்லு."

நீ மிஷினில் தொங்கிய நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாய். "பேச்சு எதுக்குடி? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"பேசுனதச் சொல்லு."

"உனக்குக் காது மட்டுந்தான் இருக்குது. டிக்சனரியத் தின்னு வளந்தவ."

"நீ புளுகி. இத்தனை வாரமாப் புளுகிட்டுத்தான் இருந்திருக்கறே. அந்தத் தலைவி பேரு என்ன? ஒரே ஒரு பேரு சொல்லு பாக்கலாம்."

ரஹ்மத் உன்னைப் பார்த்தாள். கோகிலாவும் பார்த்தாள். சுற்றிய நூல் இறுகி விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. மணி அடித்தது. "போடி. இனி உன்ற மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்று எழுந்து போனாய். பத்தாவது படிக்கிற இரண்டு பேர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி டூ விட்டோம்.

அதோடு திங்கட்கிழமைகள் முடிந்தன. "உன்னாலதான் கதை போச்சு" என்று கோகிலா பஸ் ஸ்டாப்பில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நீ சும்மா இருந்தாயா? குழாயடியில் நான் வந்தால், "வழி உடுங்க, கோர்ட்டு வருது" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சளைக்கவில்லை. நீ தமிழ்ச் செய்யுள் ஒப்பிக்கும்போது, "இதாவது இருக்கறதா, இல்ல சொந்தச் சரக்கா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் உனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அரையாண்டுத் தேர்வுக்கு நீ வரவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். பொங்கல் விடுமுறைக்குப் பிறகும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் உன் பெயரைச் சொல்லி எங்களை மௌனமாக நிற்கச் சொன்னார்கள். டூ அப்படியே நின்றுவிட்டது. நீ வந்து எடுத்தால்தான் அது போகும்.

போன வாரம் வகுப்போடு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என் கண் சுவர்களில் கேபிள் ஒயரைத் தேடியது. அந்த நேரத்திலும் தேடியது, அதுதான் உண்மை. ஒயர் இல்லை. டிவியே இல்லை.

"ஞாயித்துக்கெழம டியூசன் முடிஞ்சா நேரா ஊட்டுக்கு வரமாட்டா கண்ணு" என்றார் உன் அம்மா. "கிராஸ்கட் ரோட்டுல ஒரு டிவி கடை இருக்குதுல்ல, அது முன்னால நின்னு பாத்துப்போட்டுத்தான் வருவா. கண்ணாடிக்கு வெளிய சத்தமே கேக்காது, என்னத்தடி பாக்கறேன்னு கேப்பேன். சிரிச்சுப்போட்டுப் போயிருவா."

எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சத்தம் கேட்கலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன, அடிக்கவா போகிறேன்? புளுகி என்று மூன்று பேர் முன்னால் பேர் வாங்கிக்கொண்டு போனாயே தவிர, தெருவில் நின்று பார்த்தேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பேச்சு எனக்கே கொஞ்சம் தடுமாறியது. வாய் அசைவது மட்டும் தெரியும், ஒரு சொல்லும் கேட்காது என்றால், அவன் நல்லவனாகத்தான் தெரிந்திருப்பானோ? நீ பார்த்ததைத்தான் சொன்னாயோ? பாவம், கண்ணாடிக்கு வெளியே நின்றவள் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் உன்மேல் பாவப்பட்டேன். சண்டையில் இருந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கடைக்குப் போனேன்.

உள்ளே வரிசை வரிசையாகப் பெட்டிகள், அத்தனையிலும் ஒரே முகம். கட்டைமுடிக்காரி ஓர் இளம்பெண்ணின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறுதல் சொல்கிறாளா, மிரட்டுகிறாளா? என் முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ்ஸின் ஹாரன், எதிரே நடக்கும் உதடுகள். நான் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். ஆறுதலும் பொருந்தியது, மிரட்டலும் பொருந்தியது. அதற்கு மேல் ஒரு வாக்கியம்கூட என்னால் கட்ட முடியவில்லை. நீ இதை வைத்துக்கொண்டு வாராவாரம் ஒரு மதியம் முழுக்கப் பேசியிருக்கிறாய்.

கடையில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் வெளியே வந்தார்.

"ஏனுங் அம்மணி, இதே எடத்துல ஒரு பொண்ணு வந்து நிக்குமுங். ரெட்டச் சடை போட்டுட்டு. கொஞ்ச நாளாக் காணமுங். உங்க சேத்தாளிங்களா?"

தோழிதான், ஆனால் நாம் டூ விட்டவர்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆமாங்க" என்றேன். "இனி வரமாட்டாளுங்க."

அவர் காரணம் கேட்கவில்லை. "உள்ள வந்து உக்காந்து பாரு, சத்தம் வெக்கறேன்னு எத்தனையோ வாட்டி கூப்புட்டிருக்கறேனுங். வரவே வராது. 'வேண்டாங்ணா, கேட்டாக் கெட்டுப்போயிரும்'னு சொல்லிப்போடும்."

கேட்டால் கெட்டுப்போகுமாம்!

ஆக, கதவு திறந்துதான் இருந்தது. நீதான் உள்ளே போகவில்லை. அவன் என்ன பேசினான் என்று உனக்குத் தெரியாமல் போனது கண்ணாடியால் அல்ல. உனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக நான் பாவப்பட்டது அத்தனையும் வீண். நடுரோட்டில் நின்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. புளுகி! மகா புளுகி! நான் அன்றைக்குச் சொன்னது சரி!

உடனே மனசுக்குள் உன் பதில் வந்தது. அவன் மூஞ்சியப் பாத்தியா இல்லையா? பார்த்தேன், அவன் பேச்சையும் கேட்டேன் என்றேன். கேட்டதுனாலதான் உனக்குத் தெரியலை என்றாய். நான் விடவில்லை. நீயும் விடவில்லை. பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நின்ற யாரோ என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், உதடு அசைந்திருக்கும். நீ செத்த பிறகு முதல் முறையாக எனக்கு நெஞ்சு லேசானது. உன்மேல் பாவப்படத் தேவையில்லை. சார்ட்டில் இருக்கிற அந்த அமைதியான பெண்ணை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருப்பது முடியாத இந்தச் சண்டை. இதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். தோற்கவும் மாட்டேன். அவன் திருடன்தான்.

"நீங்களாச்சும் உள்ள வாங்க அம்மணி. முடியறதுக்கு இன்னுங் கொஞ்ச நேரந்தான், சத்தம் வெக்கறேன்" என்று அந்த அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இளம்பெண் இப்போது அழுதுகொண்டிருந்தாள், அத்தனை பெட்டிகளிலும். கட்டைமுடிக்காரி அவளிடம் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள இரண்டு படி ஏறினால் போதும். ஒரு காலைப் படியில் வைத்தேன். அடுத்த காலை எடுப்பதற்குள் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. உள்ளேயிருந்து யாரோ, "ஞாயித்துக்கெழம அரைநாள்தான், நேரமாச்சுங், சாத்துங்க" என்று குரல் கொடுத்தார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக இருண்டன. பிறகு கடையின் விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.