துருவுக்குப் போட்ட எண்ணெய்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இந்த நிமிஷம் வரை நான், உன் பெண்டாட்டி, உன் மகள் வாலு மூன்று பேரும் கை கால் முழுசாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு, இங்கே யாரிடமும் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன், படித்துவிட்டுக் கத்தாதே.

சல்லிசாகக் கிடைத்தது என்று நீ வாங்கி விட்டுப்போன அந்தக் கிழட்டுக் கார் இரண்டு வாரம் மழையில் நின்றது. சக்கரத்து ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே இருக்கும் வட்டத் தட்டு செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது, பிரேக் பிடிப்பது அதைத்தானாம். மெக்கானிக் வந்து பார்த்து, இது வெறும் மேல்துரு, ரெண்டு தடவை மெதுவா ஓட்டி பிரேக் போட்டா தானா தேஞ்சு போயிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு மனசு ஒப்பவில்லை. முப்பத்தெட்டு வருஷம் தையல் மெஷினில் ஒரு பொட்டுத் துரு ஏறவிடாமல் வைத்திருந்து உன்னைப் படிக்க வைத்தவள், இரும்பைப் பற்றி இவன் எனக்குச் சொல்வதா என்று ஒரு திமிர். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் மெஷின் எண்ணெயை நீளமூக்கு டப்பாவோடு எடுத்துப்போய் முன்சக்கரம் இரண்டிலும் ஓட்டை வழியாக விட்டேன். பளபளவென்று ஆனது. ஐந்தாம் வகுப்பு படித்தவள் மெக்கானிக் வேலையை முடித்துவிட்டேன் என்று பெருமையாக டீ போட்டுக் குடித்தேன்.

நேற்றுக் காலை உன் பெண்டாட்டி வாலுவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனாள். தெரு இறக்கத்தில் மிதிக்க மிதிக்க வண்டி நிற்கவில்லையாம். கைபிரேக்கை இழுத்து, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றி நிறுத்தியிருக்கிறாள். அதற்கு நாலடி தள்ளி லாரி போகிற ரோடு. அந்த நாலடியை நேற்றிலிருந்து மனசுக்குள்ளே அளந்துகொண்டே இருக்கிறேன். வாலு சிரித்துக்கொண்டே வந்து, பாட்டி, அம்மா காரை மணல்ல பார்க் பண்ணிட்டாங்க என்கிறாள். வண்டியைத் தெருக்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள்.

உன் பெண்டாட்டி போனில் மெக்கானிக்கை வாங்கு வாங்கென்று வாங்கினாள், மேல்துருன்னு சொன்னீங்களே, என் பிள்ளை உயிரு விளையாட்டா என்று. எண்ணெய் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? துரு இன்னும் போகலை போலிருக்கு, கொஞ்சம் ஓட்டினா சரியாயிடும் என்றானாம். அதை நம்பி இன்றைக்கு மறுபடி ஓட்டக் கிளம்புகிறாள், வாலுவையும் ஏற்றிக்கொண்டு. சாவி என் இடுப்பில் இருக்கிறது. வீட்டையே புரட்டித் தேடுகிறார்கள், நானும் அவர்களோடு கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன், என் யோக்கியதையைப் பார். இதோ வாலு வந்து, தேட வேணாம் பாட்டி, பீரோவுல அப்பா இன்னொரு சாவி வெச்சிருக்காராம் என்கிறாள். நான் போகிறேன் கண்ணு.

சாயங்காலம் எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு சொன்னேன். உன் பெண்டாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு ஊத்தினீங்க அத்தை என்று மட்டும் கேட்டாள், முக்கால் டப்பா என்றேன். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றி எண்ணெயில் ஊறிப்போன பிரேக் கட்டைகளை எடுத்துக் காட்டினான், இனி கழுவினாலும் தேறாது என்று புதுசு மாட்டினான், தட்டை மருந்தடித்துத் துடைத்தான். உங்க மெஷின்ல எல்லாம் வழுக்கணும்மா, இங்க உரசினாத்தான் உயிரு என்றான். அவனைத் திட்டியதற்கு உன் பெண்டாட்டி மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன், வாய்க்குள்ளேதான் வந்தது, அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். வாலு குதித்து ஏறினாள், அவளை இழுத்து இறக்கிவிட்டு நான் ஏறிக்கொண்டேன். இறக்கம் வந்ததும் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், ஆனாலும் கண்ணை மூடவில்லை. கர்ரென்று ஒரு சத்தம், வண்டி நின்றது. உன் பெண்டாட்டி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முதுகில் வைத்தேன், அவள் விலக்கவில்லை. ஆனால் இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ அங்கே எந்த வண்டியில் ஏறினாலும் பார்த்து ஏறு, வேளைக்குச் சாப்பிடு, நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ஒன்றை மறந்துவிடாதே, அவளுக்குப் போன் பண்ணும்போது, அம்மாவுக்கு வயசாயிடுச்சு, விடு என்று எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் எவ்வளவு பயந்தாள் என்று கேள், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேள்.

உன் அம்மா