சைக்கிளைத் திருத்தியது நான்தான்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.

அன்பு மகள் டினோஷாவுக்கு,

மாதாவின் காவலில் நீ குவைத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன், நானும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், உயிரோடு இருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே, வலது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள், இது இடது கையால் எழுதுவது. போனில் சொன்னால் பாதியில் அழுது போனை வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். காத்தான்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் றம்ஸீனின் மனைவி றிஸ்னா குவைத்துக்கு வேலைக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை நீ போன் எடுத்து, வினோஜன் திருந்திட்டாரம்மா, உடைச்ச சைக்கிளத் தன்ர கையாலயே திருத்திப் படம் அனுப்பியிருக்கார், நத்தார்ப் பெருநாளுக்கு வந்து அவரோடயே இருக்கப் போறன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அதைத் திருத்தியது நான், மகள். உன் புருஷன் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை. அன்றைக்குக் காற்றடிக்கிற பம்பால் உன் பல்லை உடைத்துவிட்டு, கோடாலியால் சைக்கிளைக் கொத்தி வாவிக்கரையில் எறிந்தானே, நீ வெளிநாடு போன பிறகு அதை நான்தான் இழுத்து வந்தேன். சட்டம் மட்டும்தான் மிச்சம். மண்ணெண்ணெய் பூசித் துருவைச் சுரண்டினேன், றம்ஸீனிடம் பழைய றிம் இரண்டும் பெடலும் வாங்கி வந்தேன், கம்பி பூட்டத் தெரியாமல் முன் சில்லு மூன்று தரம் ஆடியது, அவர் சிரித்துச் சிரித்துக் காட்டித் தந்தார். ரயரும் செயினும் புதிது. கழற்றிய பழைய செயினை ஆணியில் கொழுவி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் சைக்கிளை முன்வாசலுக்கு உருட்டிப் போய்ப் படம் பிடித்திருக்கிறான்.

உன்னோடு பேசி முடித்த கையோடு ஆணியில் கிடந்த செயினை எடுத்துக்கொண்டு நேரே முன்வீட்டுக்குப் போனேன். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டால் பெற்றவர்கள் பின்வளவுக் குடிலுக்குப் போய்விடுவதுதானே நம் வழக்கம், உன் கல்யாணத்துக்குப் பிறகு அவன் கூப்பிடாமல் அந்த வாசலை நான் மிதித்ததில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் வரட்டும் மாமி, வந்தவுடனே பாஸ்போட்டக் கொளுத்திருவன், பிறகு எங்க போறாள் எண்டு பாப்பம் என்று பல்லைக் காட்டினான். சொல்லிக்கொண்டே அதே கோடாலியைச் சைக்கிளுக்கு ஓங்கினான். செயினை வீசினேன். முதல் அடியில் காது கிழிந்தது. இரண்டாவது நெற்றியில் விழுந்து இரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. அவன் என் கையைப் பிடித்துக் கதவுநிலையில் மோதினான், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. செயினை இடது கைக்கு மாற்றி வாயில் ஒன்று கொடுத்தேன், உன் பல்லுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லப் போவதில்லை. பொலிசுக்கு நானே போய்ச் சொன்னேன், இரண்டு பேர் மேலும் வழக்கு, நடக்கிறபடி நடக்கட்டும்.

அவனைச் சொல்லி என்ன, உன் அலறல் பின்வளவு வரைக்கும் கேட்கும், குடும்பம் என்றால் அப்படித்தான் என்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாள் வாயில் இரத்தத்தோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு என் குசினி வாசலுக்கு வந்தாய். உன் மனுசனிட்டப் போ மகள் என்று நானே ஹாண்டிலைப் பிடித்து முன்வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். பல் போனது அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்குள். வீடு உன் பேரில் இருக்கிறது, போக வேண்டியவன் அவன் என்பது என் மண்டைக்கு அப்போது ஏறவில்லை. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது முன்வீட்டில் நான்தான் இருக்கிறேன், பூட்டும் புதிது. அவன் அழுதழுது போன் எடுப்பான், நம்பாதே. பாஸ்போட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், வரும் திகதியை எனக்கு மட்டும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பஸ் நிலையத்துக்குச் சைக்கிளோடு வந்து நிற்பேன், நீ ஏறி ஓட்டிப் போ, நான் பின்னால் நடந்து வருகிறேன், இந்த முறை ஹாண்டிலில் கை வைக்க மாட்டேன்.

உன் அம்மா,
செபஸ்தியம்மா