நாலாவது ஊசி

நாள் 12. காலை 7:30
நிலா ஆய்வு நிலையம், மருத்துவப் பிரிவு. எழுதுறது டாக்டர் எப்சிபா, வயசு 41. டாக்டரும் நான்தான், நோயாளியும் நான்தான். மத்த ரெண்டு பேரும் பூமிக்குப் போயாச்சு. அடுத்த கப்பல் நாள் 190-ல.
கருவை உள்ள வச்சு இன்னையோட பன்னிரண்டு நாள். பூமியில நாலு தடவை வச்சோம், நாலும் தங்கல. கருவுல குறை இல்ல. என் உடம்புதான் அதை வேத்தாளுன்னு நெனச்சு விரட்டிருக்கு. அதுக்குத்தான் இந்த வைத்தியம். என் வீட்டுக்காரர் ஜெயசிங்கோட ரத்த வெள்ளணுக்களை ஊசியில ஏத்தி, இது நம்ம ஆளுதான்னு உடம்பைப் பழக்கணும். பூமியில அனுமதி கிடைக்கல, இங்க கிடைச்சுது. மூணு ஊசி போட்டாச்சு.
ரத்தப் பரிசோதனை: கர்ப்பம் உறுதி.
பாளையங்கோட்டையில இருந்து ஜெயசிங்: "நெசமாவாட்டி? தங்கிட்டா? நான் வகுப்புல நிக்கேன், பிள்ளைக எல்லாம் என்னையே பாக்குது."

நாள் 74. காலை 10:05
ஸ்கேன். இதயத் துடிப்பு 156. பெருவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கு.
நிலையத்துக் கீரைப் பாத்தியில கத்தி பட்டு உள்ளங்கையில கீறல். வீக்கம் இல்ல, சிவக்கவும் இல்ல. நல்ல உடம்புதான் எனக்கு.

நாள் 118. மதியம் 1:20
உதைச்சுட்டு! ரெண்டு தடவை.
கீறல் இன்னும் மூடல. மூணு நாளா இருமல். காய்ச்சல் இல்ல.

நாள் 127. காலை 8:40
நுரையீரல் படம் எடுத்தேன், சளியையும் சோதிச்சேன். கீரைப் பாத்தி மண்ணுல இருக்க அதே பூசணம், ரெண்டு பக்கமும். காய்ச்சல் ஏன் வரலன்னு இப்பத்தான் உறைச்சுது. என் உடம்பு இப்ப யாரையும் விரட்டுறதில்ல. பூசணத்தையும் நம்ம ஆளுன்னு உக்கார வச்சிருக்கு. மருந்து மட்டும் தனியா நின்னு அதைக் கொல்லாது.
நாள் 12-ல மூணு ஊசின்னு எழுதுனேன். பொய். நாலு. விதி மூணுதான், அதை எழுதுனதே நான்தான். நாலு பிள்ளையப் பறிகொடுத்தவளுக்கு, இன்னும் ஒண்ணு போட்டா கெட்டியா நிக்குமேன்னு தோணிட்டு. குழம்புக்கு உப்புப் போடுத மாதிரி போட்டுட்டேன். பாவி. வைத்தியத்துல தப்பு இல்ல. இதை வாசிக்கிறவங்க அந்தக் கணக்கைத் திருத்திக்கிடுங்க.

நாள் 129. காலை 11:00
பூமி மருத்துவக் குழு: "முறிவு மருந்தை உடனே போட்டுக்கொள்ளுங்கள். உடம்பின் காவல் திரும்பிவிடும். ஆனால் அது கருவை விட்டுவைக்காது. போடாவிட்டால், கப்பல் வரும்வரை நீங்கள் இருக்க மாட்டீர்கள். வருந்துகிறோம்."
எவ்வளவு மரியாதையாச் சொல்லுதாங்க. எனக்குத் தெரியாததா? வயித்துல இருபத்தியொரு வாரம். வெளிய வந்தாப் பிழைக்காது. நான் போனா அதுவும் போகும்.
ஜெயசிங்: "எப்சி, நீ வந்தாப் போதும்ட்டி. பிள்ளைட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."
அவர் எதுக்குக் கேக்கணும்? நான்லா கேக்கணும். ரொம்ப நேரம் அழுதேன்.

நாள் 131. காலை 9:15
போட்டுட்டேன். அதுக்கு முன்னால வயித்துல கைய வச்சு, என்ன செய்யப் போறேன்னு சொன்னேன். சொல்லாமச் செய்ய மனசு வரல. அது பாட்டுக்கு உதைச்சுக்கிட்டு இருந்துச்சு.

நாள் 133. காலை 6:30
காய்ச்சல் 38.4. காவல் திரும்பிட்டு. பூமியில சந்தோஷப்படுதாங்க.
பிள்ளையோட அசைவு ஒரு மணி நேரத்துல ஒன்பது.

நாள் 134. காலை 6:30
காய்ச்சல் 39.1. உள்ளங்கை வீங்கிச் சிவந்திருக்கு. மருந்து பிடிச்சுட்டு.
அசைவு ரெண்டு.

நாள் 134. மாலை 4:10
காலையில இருந்து அசைவே இல்ல. தூங்குதோ என்னமோ. சீனித்தண்ணி குடிச்சுட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருக்கேன். பிள்ளை அசையலன்னு எங்கிட்ட வர்ற பொம்பளைகளுக்கு நான் சொல்லுறதுதான். இன்னும் ஒரு மணி நேரம் எண்ணிப் பாக்கேன்.