அடுப்பு எரிகிறதா

சென்னிமலை,
புரட்டாசி 10

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி நித்யஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. நானும் அத்தையும் சுகம். ராய்ப்பூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் போர் போடும் ரிக் வண்டிக்குச் சாமான் கொண்டுவரும் பாலகோபால் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே நிற்கிறார்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் தங்கை மகளின் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் நீங்கள் இல்லாததால் உங்கள் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்தோம். குழந்தை அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

விருந்தை நம் வீட்டில்தான் வைத்தோம். சோறும் பாயசமும் அண்டா அண்டாவாக மிஞ்சிவிட்டது. "சோத்தைக் குப்பையில கொட்டுனா பாவம் அம்மணி, சாண கேஸ் தொட்டியில ஊத்திப்போடு" என்றார்கள் அத்தை. சாணத்தைத் தவிர வேறு எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். என் புத்தி எங்கே போனதோ, அத்தனையையும் ஊற்றிவிட்டேன். தொட்டியே புளித்துப்போனது. அது தெரியாமல், தொட்டியிலிருந்து வழிந்து வந்த சாணக் கரைசலை, அந்த ஸ்லரியை, எப்போதும்போல வாய்க்கால் தண்ணீரில் கலந்து மஞ்சள் பயிருக்கு விட்டேன். புளிச்ச வாடை அடித்தது, உரம்தானே என்று இருந்துவிட்டேன். கேஸ் வராமல் அடுப்பு பற்றாமல் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

மேற்குத் தோட்டத்தில் இலையெல்லாம் நுனி கருகி நிற்கிறது. அத்தை கண் பட்டுவிட்டதென்று தினமும் மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். தாம் சொன்ன சோற்றால் வந்தது என்று தெரிந்தால் உடைந்துபோவார்கள். நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வேளாண்மை ஆபீசர் அம்மா வந்து பார்த்தார். வெறும் தண்ணீர் கட்டச் சொன்னார். தொட்டிக்குச் சாணம் மட்டும் போட வேண்டுமாம், அடுப்பு நீலமாக எரிந்த பிறகே ஸ்லரி பயிருக்கு ஆகுமாம். கிழங்கு பிழைக்குமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்.

இந்த மஞ்சள் நல்லபடியாக வந்தால் இனி ரிக் வேலைக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். விடிந்ததும் நான் முதலில் ஓடுவது அடுப்பங்கரைக்குத்தான்.

இனி போன் செய்யும்போது மஞ்சளைப் பற்றிக் கேட்காமல், அடுப்பு எரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். அத்தைக்கு ஒன்றும் புரியாது, எனக்குப் புரியும். சென்னிமலை ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

எரியவில்லை என்று நான் சொன்னாலும், மாசியில் மஞ்சள் வெட்டுக்கு வந்துவிடுங்கள் மாமா.

உங்கள்
நித்யஸ்ரீ