இருநூற்றுப் பன்னிரண்டாவது புள்ளி

ஆகஸ்ட் 4, திங்கள்

வனத்துறை ஆபீஸில் சிஜு சார் இன்று என் மேசையில் மூன்று ஜி.பி.எஸ். கருவிகளை வரிசையாக வைத்தார். ஒன்று பழைய மஞ்சள். நம் வாட்சர்கள் ஆறு வருடமாகக் காட்டுக்குள் கொண்டுபோவது. மற்ற இரண்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச்சொல்லிக் கடைக்காரர் கொடுத்தவை. பச்சையில் பொத்தான்கள். கறுப்பில் போன் மாதிரி தொடுதிரை.

"எத வாங்கணும்னு நீ நோக்கிச் சொல்லு சங்கரி. இருபதாம் தேதிக்குள்ள ரிப்போர்ட் வேணும், கேட்டோ," என்றார், மலையாளம் கலந்த அவர் தமிழில்.

ஏன் நான் என்று கேட்கவில்லை. சின்னக்கானலில் யானை எங்கே நிற்கிறது என்று வாட்சர்கள் சொல்வதை வாங்கி, தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் போடுவது என் வேலை. கருவி காட்டிய இடத்தின் எண் வந்தால் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பவளும் நான்தான்.

அம்மா போய் ஐம்பத்தாறு நாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வே கல் இருக்கிறது. அதன் சரியான எண் தேவிகுளம் தாலுகா ஆபீஸிலிருந்து முன்பே வாங்கி வைத்தது. மூன்று கருவிகளையும் அந்தக் கல்லின்மேல் பத்துப் பத்து நிமிடம் வைத்தேன். மஞ்சள் பன்னிரண்டு மீட்டர் தள்ளிக் காட்டியது. பச்சை ஐந்து. கறுப்பு மூன்று. மூன்று மீட்டர் என்றால் எங்கள் லயத்து வரிசை வீட்டின் சமையலறை அவ்வளவுதான்.

அப்பா பையைத் திறந்து பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு? போன்லயே காட்டுதே."

"போன் மழையில நனைஞ்சா போச்சு. சார்ஜும் நிக்காதுப்பா."

"உங்கம்மா கையிலயும் போன் இருந்துச்சு. மெசேஜும் வந்துச்சு. சொன்னாக் கேட்டாத்தான?"

தினமும் ஒரு முறையாவது இதைச் சொல்லிவிடுகிறார். நான் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார். குழம்பில் உப்பு இல்லை என்பது பாத்திரம் கழுவும்போதுதான் எனக்குத் தெரிந்தது. 

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை. நனைந்த விரலுக்குக் கறுப்பின் திரை அசையவே இல்லை. எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழாயடியில் பக்கத்து வீட்டுக் கற்பகம் அக்கா. கீழ் லயத்துக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் வாளியோடு நிற்பது அவளுக்குத் தெரியாது.

"அன்னைக்கு ஓடைப் பக்கம் ஆனைன்னு மெசேஜ் வந்துச்சு. நாங்கல்லாம் பாத்துட்டு உள்ளயே இருந்துக்கிட்டோம். இந்தச் சங்கரியோட அம்மா சாந்தம்மா மட்டும் போயிருக்கா பாரு. அதுவும் ஓடை வழியா! காலையில மஸ்டருக்குப் பேர் குடுக்கப் போக மேட்டு வழி இருக்கையில மழையில எவளாவது ஓடையில எறங்குவாளா? வீம்பு."

திரும்பி என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீ முதல்ல புடி தாயி என்று குழாயை விட்டுக்கொடுத்தாள். பிடித்தேன்.

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இதை எங்கேயாவது எழுதியாக வேண்டும். இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 9. விடியும்போதே நான் ஆபீஸுக்குப் போயிருந்தேன். காலை ஆறு நாற்பத்தொன்றுக்கு வாட்சர் கருத்தப்பாண்டி அண்ணன் எஸ்.எம்.எஸ். அனுப்பினார். வெறும் எண் மட்டும். பின்னாலேயே போன் செய்து, 'நான் இங்கன நிக்கேன், ஆனை எதிர்த்தாப்புல நிக்கி' என்று சொல்வது அவர் வழக்கம். அன்று எஸ்.எம்.எஸ். போனதோடு சிக்னல் போய்விட்டது. எண்ணை வரைபடத்தில் வைத்தேன். கோவில் மேடு என்று காட்டியது. ஆறு ஐம்பதுக்குக் குரூப்பில் போட்டேன்:

ஆனை கோவில் மேட்டில். ஓடை வழியாகப் போகவும்.

அந்தக் கருவிக்குத் தெரிவது அதை வைத்திருப்பவன் நிற்கிற இடம் மட்டும்தான். யானை நிற்கிற இடத்தில் எந்த வாட்சராவது போய் நிற்பானா? இரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா? அண்ணன் மேட்டில் நின்றுகொண்டு கீழே ஓடையில் நின்ற யானைகளைப் பார்த்திருக்கிறார். நான் அவர் நின்ற இடத்தில் யானையை வைத்துவிட்டேன். அவசரமும் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. காரணம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த 'ஓடை வழியாகப் போகவும்' யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது.

ஏழு இருபத்திரண்டுக்கு அண்ணனுக்குச் சிக்னல் கிடைத்தது. ஏழு இருபத்தைந்துக்குச் சரியான செய்தியைப் போட்டுவிட்டுப் பழையதை எல்லோருக்குமாக நீக்கினேன். தப்பான செய்தி கிடந்தால் ஆட்கள் குழம்புவார்கள், உடனே எடுத்துவிட வேண்டும் என்பது ஆபீஸ் முறை. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஏழே முக்காலுக்கு அம்மாவை ஓடையில் கண்டெடுத்தார்கள். போன் தண்ணீரோடு போய்விட்டது.

ஓடை வழி சுற்று. அதனால்தான் அம்மா மற்றவர்களுக்கு முன்னால் தனியாகக் கிளம்பியிருக்கிறாள். மற்றவர்கள் மழை விடட்டும் என்று இருந்தார்கள், இரண்டாவது செய்தியைப் பார்த்தார்கள், பிழைத்தார்கள். அம்மா முதல் செய்தியைப் பார்த்தாள்.

பார்த்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் போடுகிற ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஒரு கும்பிடு எமோஜி போடுவாள். மகள் ஆபீஸில் இருக்கிறாள் என்ற பெருமை. குரூப்பில் இப்போதும் இருக்கிறது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' அதற்குக் கீழே, ஆறு ஐம்பத்துநான்குக்கு, அம்மாவின் கும்பிடு. அதற்கு அப்புறம்தான் என் இரண்டாவது செய்தி. யாரும் மேலே தள்ளிப் பார்க்கவில்லை.

அழுகை வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பேட்டரி: மஞ்சள் பதினான்கு மணி நேரம். பச்சை இருபத்திரண்டு. கறுப்பு பதினாறு, அதுவும் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால். பச்சைக்குக் கடையில் வாங்குகிற சாதா பேட்டரி போதும்.

பச்சையில் இன்னொன்று இருக்கிறது. திசையும் தூரமும் கொடுத்தால் நாம் நிற்கிற இடத்தை விட்டு அங்கே தள்ளிப் புள்ளி வைக்கும். கறுப்பிலும் உண்டு, தேடி எடுப்பதற்குள் யானை அடுத்த மலைக்குப் போய்விடும். கருத்தப்பாண்டி அண்ணனிடம் பச்சையைக் கொடுத்து, எதிரே நிற்கிற சவுக்கு மரத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னேன்.

"எம்புட்டுத் தூரம்னு கேக்குது பாப்பா."

"எம்புட்டு இருக்கும்ணே?"

"கூப்பிடு தூரம்."

"அது மீட்டர்ல கேக்குது."

கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். "பனி மஞ்சு மூடுனா கூப்பிடு தூரம் கொறைஞ்சு போகும்லா. மீட்டர் கொறையாது. அப்ப மீட்டரே இருக்கட்டும்," என்றார். எண்பது என்று போட்டார். நாடா பிடித்து அளந்தோம். எழுபத்தாறு. சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அம்மா போனதிலிருந்து என் முன்னால் யாரும் முழுதாகச் சிரிப்பதில்லை.

ஆகஸ்ட் 16, சனி

மஞ்சளை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம், உள்ளே இருப்பதை அழித்து அலமாரியில் வை என்றார் சார். திறந்தேன். ஆறு வருடப் புள்ளிகள். வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனேன். 212. ஜூன் 9, காலை 6.39.

அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கருத்தப்பாண்டி அண்ணனோடு கோவில் மேட்டுக்குப் போனேன். மூன்று கருவிகளும் பையில். சோதனை என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். எந்தச் சோதனை என்று அவருக்குத் தெரியும். 

212-இன் எண்ணை மற்ற இரண்டிலும் ஏற்றி, அங்கே போ என்று கொடுத்தால் மூன்றும் ஒரே பாறையைக் காட்டின. கறுப்பு பாறையின் வலது ஓரம், பச்சை நடு, மஞ்சள் நாலடி பின்னால். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பாறையில் ஏறி நின்றால் கீழே ஓடை முழுவதும் தெரிகிறது. அன்று அம்மா ஓடைக்குள் வரும்போது அண்ணன் இங்கே இல்லை. சிக்னல் தேடி மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

பச்சையில் அளந்தேன். பாறையிலிருந்து ஓடைத் திருப்பம் வரை முந்நூற்று எண்பது மீட்டர். மூன்று மீட்டரா ஐந்து மீட்டரா என்று இரண்டு வாரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நம்பரோட ஒரு வார்த்தை சேத்து அடிச்சிருக்கலாம் பாப்பா. எதிர்க்கன்னு. எனக்கு இங்கிலீஷ்ல அடிக்க வராது, அதான் பேசிக்கிடலாம்னு இருந்துட்டேன். உங்கப்பாட்ட நான் சொல்லுதேன். என் தப்புன்னே சொல்லுதேன்."

"வேண்டாம்ணே."

"நீ சின்னப் புள்ள. அவரு தாங்கமாட்டாரு."

"செய்தி போட்டது நான்ணே."

அந்த நிமிடம் அம்மா மேல் கோபம் வந்தது. எதற்கு என் செய்தி எல்லாவற்றையும் படித்தாள்? மற்றவர்களைப் போல ஏழரைக்குப் போனைப் பார்த்தால் என்ன? பிறகு கோபமும் போய்விட்டது. பாறை குளிர்ந்து கிடந்தது. அண்ணன் பீடி பற்றவைத்தார், முடியும்வரை இருந்தோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ரிப்போர்ட் முடிந்தது. பச்சையை வாங்கலாம். துல்லியத்தில் கறுப்பு ஒரு படி மேல். ஆனால் நம் வேலை நனைந்த கையில், ரப்பர் பூட்ஸில், மஞ்சுக்குள். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: வாட்சர் இனி இரண்டு புள்ளி அனுப்ப வேண்டும், தான் நிற்கும் இடம், யானை நிற்கும் இடம். ஒரே ஒரு புள்ளி வந்தால் வழி சொல்லக் கூடாது, ஆபத்து என்று மட்டும் போட வேண்டும். ஏன் என்றும் எழுதினேன். ஜூன் 9, இரண்டு நேரங்கள், என் பெயர்.

சிஜு சார் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"முதல்ல அங்க சொல்லு. இது அப்புறம் என் கையில தந்தா மதி, லேட்டானாலும் பரவாயில்ல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லிவிட்டேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து குடைக்கம்பிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவில் வரவில்லை. போனைத் திறந்து குரூப்பில் மேலே தள்ளி, ஜூன் 9-க்குக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?"

"நான் அழிச்ச மெசேஜ்ப்பா. ஆனை மேட்டுல நிக்குது, ஓடை வழியா போங்கன்னு போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்."

"இது?"

"அம்மா. ஆறு அம்பத்திநாலு."

அந்தக் கும்பிடை விரலால் தொட்டார். படம் பெரிதாகும் என்று நினைத்தார் போல. ஆகவில்லை. நூல் உருண்டை மடியிலிருந்து விழுந்து படியில் உருண்டது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அப்ப சொன்னதக் கேட்டிருக்கா," என்றார்.

"ஆமாப்பா."

"ஏட்டி, உன் பேச்சைக் கேட்டுத்தான் போயிருக்கா."

"ஆமா."

போனைத் திருப்பிக் கொடுத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போதுதான் வந்தது, எழுபத்திரண்டு நாள் பாக்கியும் சேர்த்து. கற்பகம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அப்பா பேசவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குழாயடியில் ஒரே சத்தம். அப்பா குரல். தண்ணீர் பிடிக்க அப்பா போனதே கிடையாது. வெறும் கையோடுதான் போயிருக்கிறார். நான் உள்ளே, அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எம் பொண்டாட்டி ஒண்ணும் வீம்புக்குப் போகல. ஓடை வழியா போகச்சொல்லி முதல்ல மெசேஜ் வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் போனா. தப்பு வந்தது மெசேஜ்ல. அவ மேல இல்ல. இன்னொருக்க எவளாவது வீம்புன்னு சொன்னா நடக்கிறதே வேற."

மெசேஜை யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் யார் போடுவது என்று. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. இனி குழாயடிக்கு நான் போகும்போது பேச்சு நிற்கும். நிற்கட்டும். வீட்டுக்கு வந்தவர் என்னைத் தாண்டிப் போய், பரணில் கிடந்த அம்மாவின் போட்டோவை எடுத்துத் துடைத்தார். இதுவரை அதைச் சுவரில் மாட்ட விடவில்லை அவர். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. கோணலாகத்தான் மாட்டியிருக்கிறார். நான் சரி செய்யவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆறு நாற்பதுக்குக் கருத்தப்பாண்டி அண்ணனிடமிருந்து இரண்டு எண்கள் வந்தன. முதலாவது அவர் நிற்பது, இரண்டாவது அவை நிற்பது. மூன்று தடவை சரிபார்த்தேன்.  போட்டேன்: ஆனை மூணு, ஓடைத் திருப்பத்தில். மேட்டு வழியாகப் போகவும்.

நேற்று சாயங்காலம் அண்ணன் குரூப்பில் யாரையோ சேர்த்திருந்தார். புது எண், பெயர் இல்லை. நான் யாரென்று பார்க்கவில்லை.

அப்பா என்னிடம் இன்னும் பேசவில்லை. காலையில், நேற்று வாங்கி வந்த புதுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் செய்தியைப் போட்டதும் அங்கே 'டிங்' என்றது.  எழுத்துக் கூட்டிப் படிப்பார், நேரமாகும்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு, என் செய்திக்குக் கீழே, அந்தப் புது எண்ணிலிருந்து ஒரு கும்பிடு.