வாசல் கதவு

செவ்வாய், இரவு.

தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் ஃபுட் கோர்ட்டுக்கு இன்று மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு புனே தம்பதி வந்தார்கள். எல்லாக் கடைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுவார்கள்?" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். உள்ளே இருந்த நாலைந்து பேரும் வெளியூர்க்காரர்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. எதிரே இருந்த தள்ளுவண்டியைக் காட்டினேன். போய் நின்றபடியே மீன் வறுவல் சாப்பிட்டார்கள்.

மச்சான் பார்த்துவிட்டார். என் மனைவியின் அண்ணன். தொழிலில் பாதிப் பங்கு அவருடையது. "வந்த கஸ்டமர நீங்களே அனுப்பிட்டீங்களே மாப்ள" என்றார்.

சாயங்காலம் அந்த வண்டிக்கார அக்காவை உள்ளே ஒரு கடை எடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"நான் வந்துருவேன் சார். எங்காளுங்க வரமாட்டாங்கோ. கண்ணாடிக் கதவு, வாசல்ல செக்யூரிட்டி. லுங்கி கட்டிக்கினு எவன் உள்ள வருவான்?" என்றார்.

அந்தக் கதவு மச்சான் ஆசைப்பட்டுப் போட்டது. நாளைக்கு அதைக் கழற்ற ஆள் வரச் சொல்லிவிட்டேன். இனி ஏசி போட முடியாது. மச்சானிடம் சொல்லப் போனை எடுத்தேன். தூங்கியிருப்பார் என்று வைத்துவிட்டேன்.